ஒன்பது பேருக்கான தாள்

ஒக்டோபர் 15, செவ்வாய்

மெற்றோப் படியேறும்போதே முழங்கால் முறுமுறுத்தது. ஐம்பத்து மூன்று வயதில் புது வேலைக்கு ஓம் என்று தலையாட்டினவளுக்கு இது வேணும்.

வேலை இதுதான். ஹென்றி என்று ஒரு ஓய்வுபெற்ற தூதுவர். ஒரு நாட்டுக்கும், அந்த நாடு நூற்றைம்பது வருசமாகப் பிடித்து வைத்திருக்கும் ஒரு தீவுக்கும் நடுவில் நின்று பேச்சு நடத்துகிறார். மொன்றியலின் பழைய துறைமுகப் பக்கம், ஒரு கட்டடத்தின் ஆறாம் மாடியில் மூன்று அறைகள். நாட்டுக்காரர் ஆங்கிலம், தீவுக்காரர் பிரெஞ்சு. நடுவில் நான், மொழிபெயர்ப்பாளர். நாட்டின் பெயரையோ தீவின் பெயரையோ எங்கும் எழுதமாட்டேன் என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். இந்தக் கொப்பியைத் தமிழில் எழுதினால் ஹென்றிக்கு என்ன விளங்கப்போகிறது? ஆனாலும் வைத்த கையெழுத்து வைத்ததுதான். நாட்டுக்குப் ‘பெரிய வீடு’ என்று நானே ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். தீவு தீவுதான்.

ஹென்றி சொன்ன கட்டுப்பாடுகள் வேறு. எழுதும் குறிப்பை அன்றன்றே அவர் கண்முன்னால் கிழிக்கும் இயந்திரத்தில் போடவேண்டும். அறைக்கு வெளியே எந்தப் பக்கத்தாரோடும் பேசக்கூடாது, பழகக்கூடாது, ஒரு ரொஃபி கூடக் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. என் கணவர் சிவநேசத்திடம் சொன்னேன். துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டிவிட்டு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த மனிசன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. “குரங்கு அப்பம் பிரிச்ச கதை தெரியுந்தானே உமக்கு,” என்றார். அவ்வளவுதான் அவருடைய வாழ்த்து.

ஒக்டோபர் 18, வெள்ளி

முதல் அமர்வு. பெரிய வீட்டுக்குத் தலைமை ஒரு பெண். எல்லோரும் ‘மேடம்’ என்கிறார்கள், நானும் அப்படியே. அவருக்கு அடுத்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு தடித்த கண்ணாடிக்காரர். பேசுவதே குறைவு. தீவின் பக்கம் மூன்று பேர். பேசுகிறவர் மத்தியாஸ், தபால் கந்தோரில் வேலை செய்தவராம். வரிக்கு வரி நிறுத்திப் பேசுகிறார், மொழிபெயர்ப்பாளருக்கு இப்படி ஒரு ஆள் கிடைப்பது கொடுப்பினை.

சுதந்திரம், வாக்கெடுப்பு எல்லாம் பிறகாம். முதலில் ஒரே ஒரு தாள். ஏழு வருசத்துக்கு முன்னர் ஊர்வலத்தில் பிடிபட்ட ஒன்பது பேர் பெரிய வீட்டுச் சிறையில், மறியலில் இருக்கிறார்கள். தீவிலிருந்து பதினோராயிரம் கிலோமீற்றர். அவர்களைத் தீவு மறியலுக்கு மாற்றவேண்டும். விடுதலை இல்லை, ஒரு மறியலில் இருந்து இன்னொரு மறியலுக்கு. தாய் தகப்பன் போய்ப் பார்க்கலாம், அவ்வளவுதான். இதற்கே எத்தனை மாதம் போகுமோ.

பட்டியலில் நாலாவது பெயர் நொயெல். மத்தியாஸின் அதே குடும்பப் பெயர். இரண்டு சிறுநீரகமும் பழுது, கிழமைக்கு மூன்று தடவை இரத்தம் சுத்திகரிக்கிறார்களாம். மத்தியாஸ் ‘என் தம்பி’ என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. ‘நாலாவது பெயர்’ என்றே சொன்னார். நானும் அப்படியே சொன்னேன்.

ஒக்டோபர் 26, சனி

தீவுக்காரர் மூவரும் எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியிலேயே வாடகைக்கு இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு. யார் செய்த ஏற்பாடோ! இன்று தமிழ்க்கடையில் மரவள்ளிக்கிழங்குப் பெட்டிக்கு முன்னால் மத்தியாஸ் நின்றார். ஒவ்வொரு கிழங்காக எடுத்து நுனியை முறித்துப் பார்க்கிறார், நாங்கள் பார்க்கிற மாதிரியே. என்னைக் கண்டதும் கை நின்றது. நான் சட்டென்று திரும்பி எனக்குத் தேவையே இல்லாத ஒரு போத்தல் ஊறுகாயை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கத்தால் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது கோபக்காரர் செய்வது. அந்த மனிசனோடு எனக்கு என்ன கோபம்?

நவம்பர் 5, செவ்வாய்

விமானத்தில் கூடப்போகும் சிறைக்காவலர் இரண்டு பேரா நான்கு பேரா என்று ஐந்து மணித்தியாலம் இழுத்தார்கள். முடிவில்லை.

நவம்பர் 14, வியாழன்

முடிந்தது! ஒன்பது பெயரும் தாளின் கடைசிப் பக்க இணைப்பில் ஏறிவிட்டன. டிசம்பர் 2 கையெழுத்து, பத்தாம் திகதிக்குள் விமானம். ஹென்றி எழுந்து யன்னல் பக்கம் போய் மூக்கைச் சிந்தினார். மேடம் எல்லோருக்கும் கை கொடுத்தார். மத்தியாஸ் மட்டும் அந்தத் தாளை முகத்துக்குக் கிட்டப் பிடித்து வாசித்துக்கொண்டே இருந்தார்.

எனக்குச் சந்தோசம் வரவில்லை. இரண்டாயிரத்து இரண்டில் இலங்கையில் வந்த எங்கள் சமாதானத்துக்கு இந்தத் தெருவில் ரவை லட்டு கொடுத்த சனத்தில் நானும் ஒருத்தி. வன்னியில் இருந்த அண்ணை தொலைபேசியில், இனிப் பயமில்லை, வந்து பார்த்துவிட்டுப் போ என்றார். நான் லீவு இல்லை என்றேன். ஏழு வருசம் கழித்து யுத்தம் முடிந்தபோது அண்ணையும் இல்லை, உடலும் இல்லை, நாள் தெரியாததால் திவசமும் இல்லை.

சிவநேசம் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பேச்சுவார்த்தையெண்டா கதிரைக்குத்தான் தேய்மானம். விமானம் எழும்பட்டும், பேந்து கதைப்பம்.”

நவம்பர் 22, வெள்ளி

எப்படி எழுதுவது.

கையெழுத்துக்கு முன்னர் தாளை வரி வரியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். பத்தரைக்குக் கண்ணாடிக்காரரின் தொலைபேசி அதிர்ந்தது. வெளியே போய் வந்தார். ஒரு துண்டில் எழுதி மேடத்திடம் கொடுத்தார். மேடம் வாசித்துவிட்டு, தன் வாசிப்புக் கண்ணாடியைக் கழற்றி, திரும்பப் போட்டுக்கொண்டு, ஆங்கிலத்தில் சொன்னார். பட்டியலின் நாலாவது நபர் இன்று அதிகாலை சிறை வைத்தியசாலையில் காலமானார் என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறேன் என்று.

மத்தியாஸுக்கு ஆங்கிலம் விளங்காது. என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் பேசுகிறவரின் இடத்தில் நின்று பேசவேண்டும், அதுதான் தொழில். ‘வருத்தத்துடன் அறியத்தருகிறேன்’ என்று நானே அறிவித்தேன். என்ர வாயாலதான் அந்த மனிசன் தம்பி செத்ததைக் கேட்டது. என்ர வாயால.

பத்து நிமிட இடைவேளை. திரும்பி வந்த மத்தியாஸ் உட்கார்ந்து, பன்னிரண்டாவது வரியில் விட்டோம், தொடருவோம் என்றார். எட்டுப் பேர் மீதி இருக்கிறார்கள் என்றார். குரல் கொஞ்சமும் அசையவில்லை. அதையும் அசையாமல் சொன்னேன்.

உடலைக் கேட்டார்கள். விசாரணை முடியும்வரை தரமுடியாதாம். மத்தியாஸ் அங்கே போகவும் முடியாது. பெரிய வீட்டு மண்ணில் கால் வைத்தால் பிடியாணை இருக்கிறது. இந்தப் பேச்சுக்காகத்தான் மொன்றியலில் அவருக்குப் பாதுகாப்பு. ஹென்றி அலுவலகப் பெயரில் பூச்செண்டு அனுப்பச் சொன்னார்.

நவம்பர் 23, சனி, காலை

போகக்கூடாது. கையெழுத்து வைத்திருக்கிறேன்.

இரண்டே தெரு. நல்லதுக்குக் கூப்பிட்டால் போ, கெட்டதுக்குக் கூப்பிடாமலே போ என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். அண்ணையின் செய்தி வந்த அன்று எங்கள் இரண்டறை வீட்டில் அறுபது பேர். எனக்குப் பெயர் தெரியாதவர்களும் இருந்தார்கள். யாரோ ஒரு பிள்ளை வந்து என் தலையை இழுத்து வாரிவிட்டது. இன்றுவரை அது யார் என்று தெரியாது.

போகக்கூடாது. பத்து நாளில் கையெழுத்து.

நவம்பர் 23, பின்னேரம்

போனேன்.

சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி. மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் வைக்கவில்லை. ஒரு பிளாஸ்க்கில் வெறுந்தேத்தண்ணி. மூன்றாம் மாடி, முழங்கால் அங்கேயும் முறுமுறுத்தது. கதவு பூட்டவில்லை. மூன்று பேரும் பிளாஸ்ரிக் கதிரைகளில் இருந்தார்கள், ஒருவரும் வந்திருக்கவில்லை. செத்தவீடு என்றால் செருப்பு வைக்க இடம் இருக்காது. இங்கே வாசலில் மூன்று சோடிச் சப்பாத்து. ஹென்றியின் பூச்செண்டு பிரிக்காமலே நிலத்தில் கிடந்தது.

அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. என்ர கை தானாகப் போய் அடுப்பை அணைத்துவிட்டது! பிறகுதான், ஐயோ, இது என் வீடும் இல்லை, இவர்கள் எங்கள் ஆட்களும் இல்லை என்று உறைத்தது. மத்தியாஸ் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வழக்கத்தில் செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டோம், மற்ற வீட்டார்தான் சமைத்து வருவோம் என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் எழுந்து கோப்பைகளைக் கழுவப் போனார். இருங்கோ என்று நானே வாங்கிக் கழுவினேன்.

சாப்பிட்டார்கள். பாதிச் சோற்றில் மத்தியாஸ் கதைக்கத் தொடங்கினார். நொயெலைவிட இவர் பதினொரு வயது மூப்பாம். தாய் வேலைக்குப் போக, இவர்தான் தூக்கித் திரிந்தாராம். நீந்தப் பழக்கியதும், ஊர்வலத்துக்குக் கூட்டிப்போனதும் இவர்தானாம். “நான் ஓடித் தப்பீட்டன். அவன் சப்பாத்துக் கழண்டு போச்செண்டு குனிஞ்சவன்.” பிரெஞ்சில் சொன்னதை ஏன் எங்கட தமிழில் எழுதுகிறேன்? அப்படித்தான் காதில் விழுந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டும் சத்தம். கண்ணாடிக்காரர்! கையில் ஒரு உறை. மேடத்தின் அனுதாபக் கடிதத்தைக் கொடுக்கத் தானே டாக்சி பிடித்து வந்திருக்கிறார். என்னைக் கண்டார். என் கையில் தேத்தண்ணிக் கோப்பை. ஓடி ஒளிய எங்கே இடம்? செத்தவீட்டு வாசலுக்கு வந்தவரை நிற்கவைத்து அனுப்பலாமா? இருங்கோ என்றேன், ஆங்கிலத்தில். இருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். குடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் மத்தியாஸைப் பார்த்து, தன் அண்ணனும் சிறுநீரகத்தால்தான் போனவர் என்றார். அதை மொழிபெயர்த்தேன். மத்தியாஸ் என்ன வயது என்று கேட்டார். நாற்பத்தொன்று. நொயெலுக்கு முப்பத்தேழு. ஐந்து கிழமையாக அந்த ஆறாம் மாடியில் ஒருவரையொருவர் பார்த்து ஒரு கேள்வி கேட்டதில்லை இவர்கள்.

வரும்போது சொல்லிக்கொண்டு வரவில்லை. செத்தவீட்டில் போட்டு வாறன் என்று சொல்லக்கூடாதே. அவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. வந்து முழுகினேன். தலை ஈரத்தைக் கண்டதும் சிவநேசம் கேட்டார்: “எந்தச் செத்தவீடு?” பிளாஸ்க்கைக் கழுவி வைத்தேன். அவருக்கு விளங்கிவிட்டது.

நவம்பர் 24, ஞாயிறு

பயமாய்க் கிடக்குது.

நவம்பர் 26, செவ்வாய்

ஹென்றி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேடத்திடமிருந்து கடிதம். கண்ணாடிக்காரர் தங்கள் அலுவலக வழக்கப்படி சனிக்கிழமை போனது, இருந்தது, குடித்தது எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். தன்னை மறைக்கவில்லை, என்னையும் மறைக்கவில்லை. பொய் ஒன்றும் இல்லை. ‘மொழிபெயர்ப்பாளர் எதிர்த்தரப்பின் இல்லத்தில் வீட்டாரில் ஒருவராகச் செயற்பட்டார், ஆகவே நடுநிலைமை பாதிக்கப்பட்டுள்ளது, பேச்சு காலவரையின்றி நிறுத்தப்படுகிறது.’ அடுப்பை அணைத்துக் கோப்பை கழுவினவள் வீட்டாரில் ஒருத்தி இல்லாமல் வேறென்ன? மறுக்க எனக்கு வழியில்லை.

நான் ஏன் போனேன் என்று ஹென்றி கேட்கவில்லை. அது இன்னும் கொடுமை. “மதாம் குணா, அவர்கள் ஒரு வாரமாக வெளியேற ஒரு கதவு தேடிக்கொண்டிருந்தார்கள். அங்கே தேர்தல் வருகிறது,” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “நீங்கள் திறந்து கொடுத்தீர்கள்,” என்றார்.

அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். மெற்றோவில் இறங்கவேண்டிய இடத்தை விட்டு மூன்று தரிப்பு தள்ளிப் போய்விட்டேன்.

எட்டுப் பேர். எட்டுத் தாய்மார்.

நவம்பர் 28, வியாழன்

இன்று உடுப்புக் காயப்போடும்போது சிவநேசம் வந்து பக்கத்தில் நின்றார்.

“நீர் போகாட்டியும் அவங்கள் வேற சாட்டுப் பிடிச்சிருப்பாங்கள்.”

“அப்ப நான் செய்தது சரியோ?”

“பிழை,” என்றார். சட்டையை உதறிக் கொடியில் போட்டார். “போகாமல் விட்டிருந்தாலும் பிழைதான்.”

ஆறுதல் சொல்லத் தெரியாத மனிசன். ஆனால் எனக்கு அதுதான் கேட்கக்கூடியதாக இருந்தது. அலுவலகத்திலிருந்து தொலைபேசி எடுத்தவர்கள் எல்லாம், நீங்கள் மனிதத்தன்மையோடு நடந்தீர்கள் என்கிறார்கள். மனிதத்தன்மை! அதை அந்த எட்டுப் பேருக்கும் போய்ச் சொல்லச் சொல்லுங்கோ.

டிசம்பர் 2, திங்கள்

இன்று கையெழுத்து நாள். வீட்டில் இருந்தேன்.

டிசம்பர் 19, வியாழன்

கண்ணாடிக்காரரைத் திருப்பி அழைத்துவிட்டார்களாம். அவருக்கும் ஒரு கடிதம் வந்திருக்கும்.

தீவுக்காரர் மற்ற இருவரும் போய்விட்டார்கள். மத்தியாஸ் மட்டும் அந்த மூன்றாம் மாடியில். கடைக்கு முன்னால் கண்டேன். இப்போது என்னைத் தடுக்க ஒரு கட்டுப்பாடும் இல்லை. கிட்டப் போய் மன்னிப்புக் கேட்டேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போய் அழுதேன்.

அவர் பையை மற்றக் கைக்கு மாற்றினார். “நீர் வந்த நேரம் எனக்குப் பெரிய ஆறுதல்,” என்றார். “அது உண்மை. ஆனா எட்டு வீட்டுக்காரர் எனக்கு ஒவ்வொரு நாளும் போன் எடுக்கினம். நன்றி சொல்ல வாய் வருகுதில்லை.”

நல்ல மனிசன், உள்ளதைச் சொன்னார். இவர் ஒரு ஏச்சு ஏசியிருந்தால் நான் கொஞ்சம் நித்திரை கொண்டிருப்பேன்.

பெப்ரவரி 6, வியாழன்

பழையபடி வைத்தியசாலை மொழிபெயர்ப்பு. இன்று ஒரு தமிழ் ஐயாவுக்குச் சிறுநீரகப் பிரிவில். மருத்துவர் சொன்னதைச் சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றுவிட்டேன். “என்ன பிள்ளை, கெட்ட செய்தியோ?” என்று ஐயா பயந்துபோனார். இல்லை ஐயா, உங்களுக்கு நல்ல செய்திதான் என்றேன்.

நொயெல் எழுபத்தாறு நாளாகக் குளிர்ப்பெட்டியில். விசாரணை முடியவில்லையாம்.

ஏப்ரல் 9, புதன்

ஹென்றி தொலைபேசி எடுத்தார். பெரிய வீட்டில் தேர்தல் முடிந்து, அதே ஆட்கள்தான் வந்திருக்கிறார்கள். திரும்பவும் பேச்சுக்கு இருக்கச் சம்மதமாம். ஒரு நாள், ஒரு தாள். என்ன தாள் என்று கேட்டேன்.

“சிறையில் இறந்தவர்களின் உடல்களைத் தீவுக்கு அனுப்புவது பற்றி.”

உயிரோடு இருப்பவர்கள்?

“அது மேசையில் இல்லை.”

மொழிபெயர்ப்புக்கு இரண்டு தரப்பும் என்னைத்தான் கேட்டார்களாம். மேடமும்? மேடமும் என்றார் ஹென்றி. உடல் பற்றிய விசயம் என்பதால் நடுநிலை ஒரு பிரச்சினையாகக் கருதப்படவில்லையாம். இந்த விசயத்துக்கு நான் பொருத்தம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

முடியாது என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

அதே ஆறாம் மாடி. கண்ணாடிக்காரரின் கதிரையில் யாரோ புது ஆள், எழுதிக்கொண்டே இருந்தார். மத்தியாஸ் மெலிந்துபோய்விட்டார், சட்டைக் கழுத்து இரண்டு விரற்கடை அகலமாக நின்றது. மேடத்துக்குக் கை கொடுத்தார், ஹென்றிக்குக் கை கொடுத்தார். எனக்குத் தலையை மட்டும் தாழ்த்தினார்.

இழுபறியே இல்லை. நாற்பது நிமிடம். எந்த விமானம், எந்தப் பெட்டி, யார் பொறுப்பேற்பது என்று எல்லாம் முதலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். உயிரோடு அனுப்பக் காவலர் இரண்டா நான்கா என்று ஐந்து மணித்தியாலம் நின்றவர்களுக்கு, பெட்டி விசயத்தில் எல்லாமே சரியாக இருந்தது.

கையெழுத்துக்கு முன்னர் மத்தியாஸ் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். இணைப்பு. ஒன்று முதல் ஒன்பது வரை இலக்கமிட்ட வரிகள். முதலாவதில் நொயெலின் பெயர், பிறந்த நாள், இறந்த நாள். மிச்ச எட்டும் வெற்று வரிகள்.

பேனாவை வைத்துவிட்டார். இந்த எட்டும் எதற்கு என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் கேட்டேன்.

மேடம் தயங்கவில்லை. குரலில் ஒரு கெடுதலும் இல்லை, களைப்புத்தான் இருந்தது. நிர்வாக வசதிக்காக என்றார். எல்லோரும் இவ்வளவு தூரம் வந்து திரும்பத் திரும்ப ஒரே தாளைப் பேசவேண்டி வராமல் இருக்க.

மத்தியாஸ் என்னைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் இருந்திருந்தால் அவரும் தலையை நிமிர்த்தியிருப்பார். ஹென்றி யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்தேழு வருசத் தொழிலில் ஒரு சொல் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. இன்று மேடம் சொல்லாத எட்டைக் கூட்டிச் சொன்னேன்: “மற்ற எட்டுப் பேருக்கும் நாங்கள் திரும்பவும் கூடவேண்டி வராமல் இருக்க.”

அவர் கையெழுத்து வைத்தார். வைக்காவிட்டால் தம்பி வரமாட்டான்.